துணி கட்டிய குழாய்கள்

“திறக்கும்போது இல்லடி. அடைக்கும்போது.”

“அடைக்கும்போது எப்படி? டொம்முன்னு ஒரு அடியோட நிக்குதா, கடகடன்னு தொடர்ந்து வருதா?”

“அடைச்சா டொம்முன்னு, தண்ணி ஓடும்போது கடகடன்னு, ரெண்டும்தான். உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ. எனக்கு இப்பல்லாம் குழாய் சும்மா இருக்கும்போதே காதுக்குள்ள அடிக்குது.”

அக்கா சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனாள். உடனே படுக்கையறைக் கதவைப் பார்த்து வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

காலை பதினொரு மணிக்கு இரண்டு பெண்கள் சமையலறையில் நின்று திருடர்களைப்போல் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக நகர்ந்து பீப் பீப் என்றது. யாரோ கடையின் இரும்புக் கதவைத் தூக்கினார்கள். உலகம் தன் வேலையைச் சத்தமாகச் செய்துகொண்டிருக்க, இந்த வீடு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மாமா படுத்திருந்தார். அக்காவின் கணவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பதினொரு வருஷமாக இரவில் வேலை, பகலில் தூக்கம். இப்போது இரண்டு வாரமாக லீவில் இருக்கிறார். உடம்பின் பழக்கம் கெட்டுவிடக் கூடாதென்று லீவிலும் பகலில்தான் படுக்கிறார். வருகிற திங்கட்கிழமை திரும்பிப் போக வேண்டும். அன்று சனிக்கிழமை.

சமையலறைக் குழாயின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. பழைய தலையணை உறையைக் கிழித்து எடுத்த நாடா. குளியலறைக் குழாயில் ஒன்று, வாஷிங் மெஷினின் திருகில் ஒன்று. துணி இருந்தால் தொடக் கூடாது, அதுதான் வீட்டுச் சட்டம். மாமா வேலை முடிந்து ஏழு மணிக்கு வருவதற்குள் அக்கா வாளி, குடம், சட்டி என்று ஆரம்பித்து, கடைசியில் பூச்சாடி வரை தண்ணீர் பிடித்து வைத்துவிடுவாள். பிறகு எல்லாக் குழாய்க்கும் துணியைக் கட்டுவாள். சாயங்காலம் அவர் எழுந்த பிறகுதான் அவிழ்ப்பாள்.

“போன வாரம் டீச்சர் கூப்பிட்டு விட்டாங்க,” என்றாள். “என் பொண்ணு கை கழுவிட்டுக் குழாயை அடைக்கவே மாட்டேங்கறாளாம். அப்படியே திறந்து போட்டுட்டு ஓடிடறாளாம். ஏன்டின்னு கேட்டா, அடைச்சா அப்பா முழிச்சுக்குவாருங்கறா. ஸ்கூல் எங்க இருக்கு, அப்பா எங்க இருக்காரு!”

இந்தத் தடவை அவள் சிரிக்கப் போகக்கூட இல்லை.

நான் குழாய் வேலை செய்கிறவள். வேறொரு ஊரில், நானூறு அறைகள் உள்ள ஒரு ஹோட்டலில். நானூறு குளியலறைகளில் எந்த நேரத்திலும் யாராவது எதையாவது திறந்துகொண்டோ மூடிக்கொண்டோ இருப்பார்கள். இரவில் அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் நின்றால், ஒரு பெரிய மிருகத்தின் வயிற்றுக்குள் நிற்பதுபோல இருக்கும். அங்கே எந்தச் சத்தம் எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். சொந்த அக்கா வீட்டுக் குழாய்க்கு மட்டும் மூன்று முறை “அடுத்த மாசம் வரேன்” என்று சொல்லியிருந்தேன். அதற்குள் இங்கேயே இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் எல்லா வாஷரையும் மாற்றினார். இன்னொருவர் சுவரை உடைக்கலாமா என்று கேட்டார்.

அப்புறம் அந்த போன் வந்தது. அக்கா அழுததில் பாதி வார்த்தை புரியவில்லை. நடந்தது இதுதான்: மாமா கிரேனிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். கப்பலில் வருகிற பெட்டி, ஒரு சின்ன வீடு அளவுக்கு இருக்கும். கீழே ஒரு ஆள் நின்றிருந்தான். பெட்டி அவன் தலைக்கு மேல் இரண்டு சாண் உயரத்தில் வந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நொடி கண் அசந்துவிட்டது என்று மாமா எழுதிக் கொடுத்தார். வீட்டில் குழாய் அடிக்கிறது, இரண்டு மாசமாகப் பகலில் தூக்கமில்லை என்றும் எழுதினார். மேலதிகாரி நல்ல மனிதர். இரண்டு வாரம் லீவு கொடுத்து, முதலில் குழாயைச் சரிபண்ணு, நன்றாகத் தூங்கிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்.

“உலகத்துலேயே குழாய் ரிப்பேருக்கு லீவு வாங்கின முதல் ஆளு உன் மாமாதான்,” என்றாள் அக்கா. பிறகு குரலை இன்னும் இறக்கிக்கொண்டாள். “அன்னைக்குப் பகல்ல நான் போர்வை துவைச்சேன்டி. சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருக்கலாம். வெயில் போயிடுமேன்னு மிஷினைப் போட்டேன். மூணு தடவை அடிச்சுது. ராத்திரி அவரு போயி... ஒரு மனுஷன் உசிரு. ஒரு போர்வைக்காக.”

அப்போது படுக்கையறைக் கதவு திறந்தது.

“வா டாக்டரம்மா,” என்றார் மாமா. “நோயாளி யாரு, குழாயா, நானா?”

“ரெண்டு பேரையும் பாக்கறேன் மாமா. குழாய் சொன்ன பேச்சு கேக்கும். உங்களைப் பத்தி அக்காதான் சொல்லணும்.”

“எழுப்பிட்டோமா?” என்றாள் அக்கா.

“குழாய் அடிச்சாகூடத் தூங்கிடலாம் போலிருக்கு. நீங்க கிசுகிசுக்கறதுல எவன் தூங்குவான்? என்ன பேசறீங்கன்னு காதைத் தீட்டிக்கிட்டே படுத்திருக்கணும்.”

சிரித்தோம். மாமா எப்போதும் இப்படித்தான். கல்யாணத்தன்று பத்து வயதுப் பெண்ணான என்னிடம் வந்து, “உங்க அக்காவைத் திருப்பி எடுத்துக்கற தேதி எதுன்னு எழுதிக் கொடுத்துடு” என்று கேட்டவர். ஆனால் முகம் வற்றியிருந்தது. கண்ணுக்குக் கீழே தோல் ஈரத்துணிபோலத் தொங்கியது. வலது கையை இடது அக்குளுக்குள் செருகி வைத்திருந்தார். அக்கா டீ கொடுத்தபோது இடது கையால் வாங்கிக்கொண்டார்.

“குளிருதா மாமா?”

“சும்மா, பழக்கம்,” என்றார்.

அன்றைக்கு ஒரு நாள் சட்டத்தைத் தளர்த்தி அக்கா துணிகளை அவிழ்த்தாள். நான் என் நீண்ட ஸ்குரூடிரைவரை எடுத்தேன். அதன் முனையைக் குழாயில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால் போதும், குழாய்க்குள் நடப்பதெல்லாம் கேட்கும். இதைப் பார்த்துத்தான் மாமா எனக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்தார். அக்கா திறந்து மூடினாள். நான் சுவரோரமாக அறை அறையாகப் போனேன்.

குழாய்ச் சத்தம் கேட்கிற இடத்தில் பிறப்பதில்லை. சமையலறையில் பிறந்து, சுவருக்குள் நடந்து, படுக்கையறையில் வந்து கத்தும். இந்த வீட்டில் இரண்டு சத்தங்கள் இருந்தன. முதலாவது, அடைத்த அடுத்த கணமே விழுகிற ஒரே அடி. ஓடி வருகிற தண்ணீரின் முகத்தில் கதவைச் சாத்தினால் அது எதிலாவது போய் மோதத்தானே வேண்டும்? குழாய் போட்டவர் அதற்கு வழி செய்துதான் இருந்தார். மெஷினுக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்கு இரண்டு குழாய்த் துண்டுகள் மூடி போட்டபடி மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அதற்குள் காற்று நிற்க வேண்டும். தண்ணீர் அந்தக் காற்றில் மோதி மெத்தையில் விழுந்ததுபோல அடங்கிவிடும். ஸ்பானரால் தட்டிப் பார்த்தேன். மொத்தென்றது. வருஷக்கணக்கில் காற்று கரைந்துபோய் உள்ளே முழுக்கத் தண்ணீர் ஏறியிருந்தது.

அடுத்து படுக்கையறை. கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் ஒரு பலகை, அதற்குப் பின்னால் குழாய். பலகையைக் கழற்றினேன். குழாயைச் சுவரோடு பிடித்திருக்க வேண்டிய கிளாம்ப் ஒற்றைத் திருகில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் குழாய் துள்ளிச் செங்கலில் மோதி மோதி, செங்கலில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. மாமா எட்டிப் பார்த்தார்.

“சரியா என் தலைக்கு நேரா,” என்றார். “யாரோ அளவெடுத்து வெச்ச மாதிரி.”

“இந்தப் பக்கம் காலை வெச்சுப் படுத்திருக்கலாமே மாமா?”

“படுத்துப் பார்த்தேனே. காலுக்குக் காது முளைச்சிடுச்சு.”

பழைய டயர் டியூபை வெட்டிக் குழாய்க்கு அடியில் வைத்து, புதுத் திருகுகள் போட்டு இறுக்கினேன். அக்கா திறந்து அடைத்தாள். அடி இன்னும் இருந்தது, ஆனால் பாதியாகிவிட்டது. ஆனால் அந்த இரண்டாவது சத்தம், தண்ணீர் ஓடும்போதே கடகடவென்று பல்லைக் கடிக்கிற சத்தம், அப்படியே இருந்தது. அதைத் துரத்திக்கொண்டு பின்பக்கம் போனேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் சந்து. தெருக் குழாயிலிருந்து வருகிற தண்ணீர் அங்கேதான் வீட்டுக்குள் நுழைகிறது. தரையில் இரும்பு மூடி, மூடிக்கு அடியில் பித்தளை வால்வு, அதன் தலையில் ஒரு சின்னச் சக்கரம். ஸ்குரூடிரைவரை அதன்மேல் வைத்ததுமே காதுக்குள் யாரோ தகர டப்பாவை உருட்டினார்கள். சக்கரத்தைத் திருப்பி எண்ணிப் பார்த்தேன். முழுக்கத் திறக்க ஐந்து சுற்று. இது இரண்டரையில் நின்றிருந்தது.

“இதை யாருக்கா பாதி மூடினது? அஞ்சு சுற்றுல ரெண்டரைதான் திறந்திருக்கு.”

அக்கா பின்வாசலில் நின்றிருந்தாள். “நான்தான். ரெண்டு மாசம் இருக்கும். தண்ணி வேகத்தைக் கொறைச்சா சத்தம் கொறையும்னு நெனச்சேன். டொம்முன்னு அடிக்கறது கொஞ்சம் கொறைஞ்சுது.”

“இந்த மாதிரி வால்வைப் பாதியில நிறுத்தவே கூடாது. ஒண்ணு முழுசாத் திறக்கணும், இல்ல முழுசா மூடணும். உள்ள ஒரு தகடு இருக்கு, மேலயும் கீழயும் போற தகடு. பழசாயிடுச்சுன்னா லொடலொடன்னு ஆகிடும். பாதியில தொங்கவிட்டா ஓடற தண்ணியில ஆடிக்கிட்டே...”

அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் வாயை மூடியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

“கடகடன்னு வந்தது அதுக்கப்புறம்தான்,” என்றாள் மெதுவாக. “நான் மூடினதுக்கு அப்புறம்தான்.”

“இதுல பெரிசா ஒண்ணுமில்லக்கா. அந்த கிளாம்ப்தான் எல்லாத்துக்கும் காரணம்.”

“பொய் சொல்லாதே. பொய் சொன்னா நீ மூக்கைத் தொடுவே. மூக்குல கிரீஸ் ஒட்டியிருக்கு பாரு.”

நான் மூக்கைத் துடைத்தேன். கிரீஸ் கன்னத்துக்குப் போயிற்று. வேறொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

“துணி கட்டினேன், ஓடி ஓடித் தண்ணி பிடிச்சேன், குழந்தையை ஊமையாக்கினேன்,” என்றாள். “கடைசியில சத்தத்தையும் நானேதான் உண்டாக்கியிருக்கேன். இல்ல?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்தாள். ஈரமே இல்லாத கை. “சரி, முடிச்சிடு. திங்கக்கிழமை அவரு நல்லபடியா மேல ஏறட்டும். அது போதும் எனக்கு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வால்வை முழுக்க மூடினேன். வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் திறந்தேன். சந்தின் கோடியில் தரையோடு ஒட்டிய ஒரு குழாய் இருந்தது. அதையும் திறந்ததும் வீட்டின் தண்ணீரெல்லாம் அங்கே வந்து கொட்டியது. முதலில் வேகமாக, அப்புறம் நூலாக, அப்புறம் சொட்டாக. அந்தச் சமயம் சுவருக்குள் ஒரு நீண்ட களுக் சத்தம் கேட்டது. மெஷினுக்குப் பின்னால் இருந்த அந்த மூடிய குழாய்களுக்குள் காற்று திரும்பிப் போகிற சத்தம். எனக்கு இந்த வேலையில் பிடித்த கணம் அதுதான். வெகுநாள் வெளியூரில் இருந்த ஒருவர் சொந்த அறைக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதுபோல இருக்கும்.

“எல்லாத்தையும் அடைச்சுட்டேன்!” என்று சமையலறையிலிருந்து அக்கா கத்தினாள். கத்தினாள்தான். இரண்டு மாசத்தில் அந்த வீட்டில் யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்க மாட்டார்கள். “நீ தண்ணி விட்டதும் சொல்லு! ஒவ்வொண்ணா திறந்து அடைச்சுப் பாக்கறேன்!”

சந்திலிருந்து பார்த்தால் சமையலறையின் ஒரு மூலை தெரிந்தது. அக்காவின் முழங்கையும், முழங்கைக்குக் கீழே ஒரு கைப்பிடிச் சிவப்புத் துணிகளும். தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை போலும்.

குனிந்து சக்கரத்தைப் பிடித்தேன். காலியான குழாயில் தண்ணீரை மெதுவாகத்தான் விட வேண்டும். ஒரு சுற்று. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சுற்று. தண்ணீர் புதிதாக வருவதுபோல வீட்டுக்குள் ஏறியது.

பின்வாசல் திறந்தது. மாமா வந்து, கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்தார். வாளி கிறீச்சென்றது.

“சரியாயிடுமா?” என்றார்.

“முழுசாத் திறந்துட்டா அவ்வளவுதான் மாமா. குழாயைக் கட்டிப் போட்டாச்சு, காத்தும் ஏறியாச்சு. இனிமே நீங்க குறட்டை விட்டா அது மட்டும்தான் சத்தம்.”

அவர் சிரிக்கவில்லை. அக்குளிலிருந்து வலது கையை எடுத்து முழங்கால்மேல் வைத்தார். யாருடைய கையையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

“நான் தூங்கலை,” என்றார்.

“இன்னைக்கா?”

“அன்னைக்கு.”

தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. நான் சக்கரத்தை விடவில்லை.

“கேபின்ல தரை கண்ணாடி. காலுக்கு நடுவுல பார்த்துத்தான் இறக்கணும். பார்த்துட்டு இருந்தேன். மஞ்சள் ஹெல்மெட் ஒண்ணு பெட்டி ஓரத்துக்கு அடியில வந்து நின்னுது. தெளிவாத் தெரிஞ்சுது. ஆளு நிக்கறான்னு தெரியும், நிறுத்தணும்னும் தெரியும். இந்தக் கை நிறுத்தற பிடிமேலதான் இருந்துச்சு.” கையைத் திருப்பிக் காட்டினார். “கை கேக்கலைன்னு சொல்லலாம்னு பார்த்தேன். அதுவும் பொய். நான் கைகிட்ட சொல்லவே இல்லை. சும்மா பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

“அப்புறம் எப்படி நின்னுது?”

“கீழ இருந்த இன்னொருத்தன் சிவப்பு பட்டனை அமுக்கிட்டான். அவனுக்கு நான் தூங்கிட்டேன்னு நெனப்பு. எல்லாருக்கும் அதே நெனப்பு. ஆனா அந்த ஹெல்மெட்காரன் இருக்கானே, அவன் நான்தான் நிறுத்தினேன்னு நெனச்சுட்டான். வெளிய வந்து நிமிர்ந்து பார்த்து எனக்குக் கையாட்டினான். தேங்க்ஸுன்னு.”

சந்தில் வெயில் ஒரு கை அகலத்துக்கு விழுந்திருந்தது. ஒரு எறும்பு ஸ்பானரின் நீளத்தை அளந்துகொண்டு போனது.

“டாக்டர்கிட்ட போனீங்களா? நிஜ டாக்டர்கிட்ட?”

“என்னன்னு சொல்றது? முழிச்சுக்கிட்டே ஒருத்தனைச் சாக விட்டுட்டு வேடிக்கை பார்த்தேன்னா? அதுக்கு மாத்திரை இருக்கா?”

“அக்காகிட்டயாவது சொல்லுங்க மாமா. அவ போர்வை துவைச்சதாலதான்னு நெனச்சு செத்துட்டு இருக்கா. இப்ப வால்வு வேற.”

“தெரியும். இந்தச் சந்து ஜன்னல் பக்கத்துலதானே படுத்திருந்தேன். நீங்க ரெண்டு பேரும் பேசினதெல்லாம் கேட்டேன்.” அவர் குரல் தாழ்ந்தது. அது கிசுகிசுப்பு இல்லை, அதற்கும் கீழே ஏதோ. “நான் தூங்கணும்னு ஒரு வீட்டையே கழுத்தைப் பிடிச்சு அமுக்கி வெச்சிருக்கா. அவகிட்ட போய், தூக்கம் இல்ல விஷயம்னு எப்படிச் சொல்லுவேன்? சொன்ன அன்னைக்கு ராத்திரி என் பக்கத்துல அவ எப்படிப் படுப்பா?”

“சத்தம் உங்களை எழுப்புச்சுதானே? அதாவது நிஜம்தானே?”

“எழுப்புச்சு. நிஜம்தான். ஆனா சத்தம் இருந்தாத் தேவலைம்மா. சத்தம் இல்லாதப்பதான் அவன் கையாட்டறான்.”

உள்ளே குழாய் முனகியது. அக்கா பொறுக்க முடியாமல் திறந்துவிட்டிருந்தாள். காற்று துப்பித் துப்பி, ஒல்லியாகத் தண்ணீர் விழுகிற சத்தம்.

“வருது, ஆனா நூலாட்டம் வருதுடி!” என்றாள் அக்கா. அவள் குரலில் சந்தோஷம் இருந்தது, எனக்குக் கேட்டது. “இன்னும் திற!”

“ஒரு நிமிஷம்க்கா!” என்றேன்.

மாமா வாளியிலிருந்து இறங்கி எனக்கு எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். இவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. நாற்பது அடி உயரத்திலிருந்து பெட்டிகளைச் சீட்டுக்கட்டுபோல அடுக்குகிறவரின் முகம், பரீட்சை அறை வாசலில் நிற்கிற பையனின் முகம்போல இருந்தது.

“திங்கக்கிழமை மேலதிகாரி கேக்கப் போறது ஒரே கேள்விதான். குழாய் சரியாச்சான்னு. ஆச்சுன்னா நான் ஏறணும். ஏறினா கண்ணாடிக்குக் கீழ எவனாவது நிப்பான். அவனுக்கும் வீடு இருக்கும், குழாய் இருக்கும்.”

“மாமா...”

“நானே வந்து பழையபடி பாதிக்குத் திருப்பியிருப்பேன். ஆனா உன் கைவேலையை நீ சரிபார்ப்பே, கண்டுபிடிச்சுடுவே. அதான் உன்கிட்டயே கேக்கறேன்.”

அவர் வலது கை என் கைமேல் வந்தது. சக்கரத்தின்மேல், என் விரல்களுக்கு மேல். கை சூடாக இருந்தது, நடுக்கம் இல்லை. அப்படி ஒரு அசையாத கையை நான் பிடித்ததே இல்லை.

“எத்தனை சுற்று திறந்திருக்கே?”

“ரெண்டு.”

“என்னடி பண்ணிட்டு இருக்கே அங்க?” என்று அக்கா கூப்பிட்டாள். “எல்லாத் துணியையும் குப்பையில போட்டுட்டேன், கேட்டியா? தூக்கிப் போட்டாச்சு! திறடி!”

மாமா சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்தார்.

“இன்னும் அரைச் சுற்றும்மா,” என்றார். “அதோட நிறுத்திடு.”